டிஜிட்டல் போர்டு எவ்வளவு கரண்ட் இழுக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டல் போர்டுகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. கடைக்காரர்கள், அலுவலக நிர்வாகிகள், மருத்துவமனைக்காரர்கள் என்று யாரிடம் பேசினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் மின் கட்டணம் வேறு என்பதால் பணக் கணக்குப் போடவில்லை, யூனிட் கணக்குதான் போட்டிருக்கிறேன். உங்கள் கட்டணத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் போர்டு வைத்தால் கரண்ட் பில் எகிறிவிடுமா?

எந்த போர்டு என்பதைப் பொறுத்தது. ஆறு மாட்யூல் (விளக்குகள் பதித்த சிறு பலகை) போட்ட, ஒரே நிறத்தில் எழுத்து ஓடும் சின்ன ஸ்க்ரோலிங் போர்டு சாதாரணமாக 20, 30 வாட்தான் எடுக்கும். உள்ளே சுவரில் மாட்டும் 55 அங்குல எல்சிடி திரை 100 முதல் 150 வாட் வரை எடுக்கும். வெயிலிலும் தெரிய வேண்டும் என்று வெளியே வைக்கும் முழு வண்ண எல்இடி போர்டு ஒரு சதுர மீட்டருக்கே சில நூறு வாட் கேட்கும். பெயர் ஒன்றானாலும் இவை மூன்றும் மூன்று வேறு சாமான்கள்.

பலரும் போர்டின் நீள அகலத்தை வைத்துத்தான் செலவை யோசிக்கிறார்கள். நான் பார்த்த வரையில் செலவை நிர்ணயிப்பது வெளிச்சமும் நேரமும்தான். எத்தனை பிரகாசமாக எரிகிறது, எத்தனை மணி நேரம் எரிகிறது என்ற இரண்டையும் கவனித்தால், பெரிய போர்டைக்கூட அடக்கமான பில்லில் ஓட்டலாம்.

யூனிட் கணக்கு எப்படிப் போடுவது? எனக்கு வாட், ஆம்ப்ஸ் எதுவும் தெரியாது.

1,000 வாட் சாமான் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். அவ்வளவுதான். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 140 வாட் திரை தினமும் 12 மணி நேரம் ஓடினால் 1.68 யூனிட், மாதத்துக்குச் சுமார் 50.

இனி வரும் பதில்களில் ஒரே போர்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், அதாவது 6 சதுர மீட்டர், வெளியே நிற்கும் முழு வண்ண எல்இடி போர்டு. காலையிலிருந்து இரவு வரை 14 மணி நேரம் ஓடுகிறது, அதில் 8 மணி நேரம் பகல் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு. இதை ‘நம் போர்டு’ என்றே சொல்கிறேன்.

விற்பவர் கொடுத்த தாளில் ‘மேக்ஸ் 700 வாட், ஆவரேஜ் 230 வாட்’ என்று இரண்டு இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டும் உண்மைதான், வேலைதான் வேறு. இவை ஒரு சதுர மீட்டருக்கான அளவுகள். நம் போர்டுக்கு மேக்ஸ் 4,200 வாட், ஆவரேஜ் சுமார் 1,400 வாட். திரை முழுக்க வெள்ளையாக, முழுப் பிரகாசத்தில் எரிந்தால் மட்டுமே மேக்ஸ். ஒயரின் தடிமன், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), பவர் சப்ளைகளின் (மாட்யூல்களுக்கு ஏற்ற வோல்ட்டில் மின்சாரம் தரும் பெட்டிகளின்) எண்ணிக்கை எல்லாவற்றையும் மேக்ஸை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் ஒயர் சூடேறும்.

பில் கணக்குக்கு ஆவரேஜ். 1,400 வாட், 14 மணி நேரம் என்றால் நாளைக்கு 19.6 யூனிட், மாதத்துக்கு 588. மேக்ஸை வைத்துப் போட்டால் 1,764 என்று வரும். அதைப் பார்த்துப் பயந்து போர்டே வேண்டாம் என்றவர்களும் உண்டு. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. தாளில் ஆவரேஜை மட்டும் அச்சடித்து, மேக்ஸைச் சொல்லாமலே விற்பது. இரண்டு எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாதாரணமாக ஓடும் வீடியோவுக்கு மேக்ஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்கிறீர்கள். ஏன்?

பெரும்பாலான காட்சிகளில் திரையின் நிறையப் பகுதி இருட்டாகவோ நடுத்தர வெளிச்சத்திலோ இருக்கும். அதோடு, 0 முதல் 255 வரை உள்ள அளவில் பாதியான 128 என்று ஒரு புள்ளிக்குக் கட்டளை போனால், அது பாதி வெளிச்சம் தருவதில்லை. ஏறக்குறைய 22 சதவீதம்தான் தரும். நம் கண்ணுக்கு அதுதான் ‘பாதி’ போலத் தெரியும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நடுத்தரமாகத் தெரியும் இடமெல்லாம் கரண்டைப் பொறுத்தவரை கால் பங்குக்கும் குறைவு.

எங்கள் டிசைனர் எல்லாமே வெள்ளைப் பின்னணியில்தான் செய்கிறார். அதனால் பில் ஏறுமா?

எல்இடி போர்டில் ஏறும், நிறையவே ஏறும். எல்இடி போர்டில் வெள்ளை என்று தனியாக ஒரு விளக்கு கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிந்தால்தான் வெள்ளை. கறுப்பு என்றால் மூன்றும் அணைந்திருக்கிறது.

நம் போர்டு அளவுள்ள ஒன்றின் பின்னால், ஓடும் கரண்டை ஆம்ப்ஸில் காட்டும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். கறுப்பில் மஞ்சள் எழுத்து வந்தபோது 3 ஆம்ப்ஸ். அடுத்த ஸ்லைடு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, மீட்டர் 16ஐத் தாண்டியது. அதே செய்தி, அதே எழுத்தளவு. பவர் சப்ளைகளின் விசிறிச் சத்தம்கூட மாறியது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அன்று மாலையே பின்னணியை மாற்றச் சொல்லிவிட்டார்.

எல்இடி போர்டின் முகம் கறுப்பாக இருப்பதால், கறுப்பில் வரும் வண்ண எழுத்து பகலிலும் எடுப்பாகத் தெரியும். லோகோ வெள்ளையில்தான் இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும், அது எடுக்கும் இடம் சிறியது. முழுத்திரை வெள்ளையை மட்டும் தவிர்த்தால் போதும்.

அப்படியானால் கடைக்குள் இருக்கும் எல்சிடி திரையிலும் கறுப்புப் பின்னணி வைக்கட்டுமா?

அங்கே பலன் இருக்காது. எல்சிடி திரையின் பின்னால் ஒரு விளக்குத் தட்டு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள படிகம் அந்த ஒளியை மறைக்கவோ விடவோ செய்கிறது. கறுப்புப் படம் காட்டும்போதும் பின்விளக்கு எரிகிறது. காட்சிக்கு ஏற்பப் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வகைகள் விதிவிலக்கு. எல்சிடியில் மிச்சம் பிடிக்கப் பின்விளக்கின் அளவைத்தான் குறைக்க வேண்டும். மெனுவில் ‘பேக்லைட்’ என்று இருக்கும். ‘பிரைட்னஸ்’ என்ற பெயரில் படத்தை மட்டும் மங்கலாக்கும் மாடல்களும் உண்டு, அதில் ஏமாற வேண்டாம்.

வெளிச்சம் அடிக்கும் ஜன்னலோரத்தில் எல்சிடியில் வெளிர் பின்னணியே நல்லது. இருண்ட படத்தில் எதிரில் நிற்பவரின் முகம்தான் தெரியும். ஓஎல்இடி திரை இந்த விஷயத்தில் எல்இடி போர்டு மாதிரி, ஒவ்வொரு புள்ளியும் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும்.

‘நிட்ஸ்’ அதிகம் இருந்தால் நல்லது என்கிறார்களே?

நிட்ஸ் என்பது திரையின் பிரகாசத்துக்கான அளவு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா. வீட்டு டிவி 250 முதல் 350, கடைக்குள் வைக்கும் திரை 500 முதல் 700, ஜன்னலில் வெளிப்புறம் பார்த்து வைக்கும் எல்சிடி 2,500க்கு மேல், வெயிலில் நிற்கும் எல்இடி போர்டு 5,000 அல்லது அதற்கும் மேல். வைக்கும் இடத்துக்கு ஏற்றதை வாங்குவதுதான் சரி. நிழலான இடத்துக்கு 2,500 நிட்ஸ் திரை வாங்கினால், 140 வாட்டில் முடியும் வேலைக்கு 400 வாட் தேவைப்படும் சாமானை வாங்கியிருக்கிறீர்கள்.

நேர் வெயில் விழும் இடத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே சாதாரண எல்சிடி மங்கலாகத் தெரிவது மட்டுமல்ல, சூடேறித் திரையில் கறுப்புத் திட்டுகள் வந்துவிடும். அங்கே மிச்சம் பார்க்கக்கூடாது.

ராத்திரியில் பிரைட்னஸைக் குறைக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு குறைப்பது? போர்டு டல் அடிக்காதா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வெயிலோடு போட்டி போடத்தான் 5,000 நிட்ஸ். இருட்டிய பிறகு போட்டிக்கு ஆளே இல்லை. விளக்குகள் நிறைந்த தெருவில் 300 முதல் 500 நிட்ஸ் தாராளம், அமைதியான இருட்டுச் சாலையில் 150கூடப் போதும். அதாவது பகல் அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. ஆனால் நான் பார்க்கப் போகும் போர்டுகளில் பல, பொருத்திய அன்று வைத்த 100 சதவீதத்திலேயே ஆண்டுக்கணக்காக ராத்திரியும் எரிகின்றன. கண்ணைக் கூசுவதால் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை, எதிரே வண்டி ஓட்டி வருபவருக்கு ஆபத்து, மேல் மாடியில் தூங்குபவருக்குத் தொந்தரவு. அதற்குக் காசும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். நம் போர்டின் 1,400 வாட்டில் சுமார் 300 வாட், புள்ளிகளுக்குக் கட்டளை அனுப்பும் கார்டுகளும் பவர் சப்ளைகளும் சும்மா எடுப்பது, மீதி 1,100தான் வெளிச்சம். இருட்டில் 10 சதவீதத்துக்குக் குறைத்தால் 300 கூட்டல் 110, ஆக 410 வாட். பகல் 8 மணி நேரத்துக்கு 11.2 யூனிட், இரவு 6 மணி நேரத்துக்கு 2.5 யூனிட், மொத்தம் 13.7. முன்பு 19.6. மாதத்துக்கு 588 யூனிட் இருந்தது 410 ஆகிறது. ஒரு ஆணிகூட வாங்கவில்லை, மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றியிருக்கிறோம்.

பகலிலும் கொஞ்சம் இடம் உண்டு. நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தாலும் கால் பங்கு குறைந்த மாதிரிதான் தோன்றும். 100ஐ 70 ஆக்கிவிட்டுச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

குறைத்துப் பார்த்தேன், படத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. அதனால் மறுபடி கூட்டிவிட்டேன்.

மலிவான கார்டுகளில் இது வரும். விளக்கை மிக வேகமாக எரித்து அணைத்துத்தான் மங்கலாக்குகிறார்கள். பிரைட்னஸை ரொம்பக் கீழே இறக்கும்போது காட்டக்கூடிய வெளிச்சப் படிகள் குறைந்து, வானம் மாதிரியான காட்சிகள் பட்டையாகின்றன. முழுவதும் கூட்டிவிடாமல், பட்டை மறையும் வரை மட்டும் ஏற்றுங்கள், 15, 20 சதவீதத்தில் சரியாகிவிடலாம். கார்டில் கரண்ட் அளவையே குறைக்கும் வசதி இருந்தால் பொருத்தியவரிடம் சொல்லி அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் ஓடும் போர்டுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

சென்சார் வாங்கட்டுமா, டைமரே போதுமா?

நல்ல இடத்தில் மாட்டினால் சென்சார் சிறந்தது. மேகம் மூடினால்கூடத் தானாகக் குறைக்கும். ஆனால் மாட்டும் இடம்தான் எல்லாம். ஒரு போர்டு பகலில் மங்கலாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சென்சார் கண்ணாடி மேல் விரல் கனத்துக்குப் புழுதி, அது பகலையே இரவென்று நினைத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் சரியானது. இன்னோர் இடத்தில் தெருவிளக்குக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள், அது இரவைப் பகலென்று நினைத்தது.

ஆண்டுக்கு நாலு தடவையாவது துடைக்க ஆள் இல்லாவிட்டால் டைமரே நல்லது. சூரிய உதயம், மறைவு நேரத்தை நாள்தோறும் தானே கணக்கிடும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடை மூடியதும் கறுப்புப் படம் ஓட விடுகிறோம். அணைத்த மாதிரிதானே?

இல்லை. முன்பு சொன்ன 300 வாட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மூடியிருக்கும் 10 மணி நேரத்தில் 3 யூனிட், மாதத்துக்கு 90. யாருமே எதையும் பார்க்காத நேரத்துக்கு அது. போர்டுக்குப் போகும் மின்சாரத்தையே டைமரும் காண்டாக்டரும் (டைமர் சொல்லும் நேரத்தில் லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) வைத்துத் துண்டியுங்கள். போர்டுக்குப் படம் அனுப்பும் கன்ட்ரோலர் மட்டும் தனி லைனில் விழித்திருக்கட்டும்.

எல்சிடி திரையை அதன் சொந்த அட்டவணை மூலம் ஸ்டாண்ட்பைக்கு அனுப்பினால் போதும். அந்த நிலையில் பெரும்பாலானவை மிகச் சொற்பமே எடுக்கும். படத்தை ஓட்டும் மீடியா பிளேயர் மட்டும் தூங்கி, ‘சிக்னல் இல்லை’ என்று காட்டியபடி திரை விடிய விடிய எரிவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒருநாள் இரவு கடைப் பக்கம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

தினமும் ஆன், ஆஃப் செய்தால் போர்டு கெட்டுவிடாதா? காலையில் ஆன் செய்யும்போது எம்சிபி வேறு விழுகிறது.

ஒரு நாளைக்கு ஒரு முறை அணைத்து ஏற்றுவதால் வரும் தேய்மானம், 10 மணி நேரம் வீணாக எரிவதால் வரும் தேய்மானத்தைவிடக் குறைவு. எம்சிபி விழுவதற்குக் காரணம், பவர் சப்ளைகளுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் கரண்டை இழுப்பது. அது கண் இமைக்கும் நேரம்தான், பில்லில் தெரியாது. கேபினெட்டுகளை (மாட்யூல்களைத் தாங்கும் பெட்டிகளை) இரண்டு மூன்று குழுவாகப் பிரித்துச் சில நொடி இடைவெளியில் ஆன் ஆகும்படி எலக்ட்ரீஷியன் செய்து தருவார். இதற்காகப் பெரிய எம்சிபி மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஒயர் அதைத் தாங்க வேண்டும்.

நாள் கணக்கில் அணைத்துப் போடுவதுதான் கெடுதல். ஈரப்பதமான காலத்தில் உள்ளே ஈரம் ஏறும். நீண்ட விடுமுறையில்கூட அவ்வப்போது சில மணி நேரம் மிதமான வெளிச்சத்தில் ஓட விடுங்கள்.

வீட்டு டிவியையே மாட்டினால் கரண்டும் குறையும், விலையும் குறையும் அல்லவா?

கரண்ட் குறையும், உண்மைதான், வெளிச்சம் குறைவாயிற்றே. ஆனால் அது தினமும் சில மணி நேரம் ஓடத் தயாரானது. வணிகத் திரைகளை 16 மணி நேரம், 24 மணி நேரம் என்று குறிப்பிட்டே செய்கிறார்கள். கடையில் பயன்படுத்தினால் பல வீட்டு டிவிகளுக்கு வாரண்டி செல்லாது. சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானே அணையும் பழக்கமும் பலவற்றுக்கு உண்டு. தினம் நாலைந்து மணி நேரம் மட்டும் ஓடும் நிழலான இடம் என்றால் தாராளமாக மாட்டுங்கள். அதற்கு மேல் என்றால் வேண்டாம்.

பிட்ச் சிறியதானால் கரண்ட் கூடுமா?

பிட்ச் என்பது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம், பி10 என்றால் 10 மில்லிமீட்டர். பி10 போர்டில் ஒரு சதுர மீட்டருக்கு 10,000 புள்ளி, பி5இல் 40,000. புள்ளி நாலு மடங்கானாலும் வேண்டிய மொத்த வெளிச்சம் அதேதான், அதனால் அந்தப் பகுதி பெரிதாக ஏறாது. ஆனால் புள்ளிகளை இயக்கும் சில்லுகள் கூடும், சும்மா எடுக்கும் கரண்ட் உயரும். 20 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் போர்டுக்கு பி10 போதும் என்றால் பி4 கேட்க வேண்டாம்.

‘எனர்ஜி சேவிங்’ போர்டு என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். உண்மையா, வியாபாரப் பேச்சா?

‘காமன் கேத்தோடு’ என்று இருந்தால் அதில் உண்மையான விஷயம் இருக்கிறது. சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும். சாதாரண போர்டில் எல்லாவற்றுக்கும் ஒரே 5 வோல்ட்டோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ அனுப்புகிறார்கள், மிஞ்சும் வோல்ட் வெறும் சூடாகிப் போகிறது. காமன் கேத்தோடில் சிவப்புக்குத் தனியாகக் குறைந்த வோல்ட் போகும். கரண்ட் மிச்சம், சூடும் குறைவு, சூடு குறைந்தால் எல்லா உறுப்புகளுக்கும் ஆயுள் கூடும்.

நாள் முழுக்க ஓடும் பெரிய போர்டுக்கு இது நல்ல முதலீடு. மாலையில் மட்டும் மூன்று மணி நேரம் ஓடும் போர்டுக்குக் கூடுதல் விலை திரும்பி வருவது கடினம். வெறுமனே ‘எனர்ஜி சேவிங்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், மேக்ஸ், ஆவரேஜ் எண்களை (மேலே சொன்னது போல) கேளுங்கள். எண் குறைவாக இல்லாவிட்டால் ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை.

ஏசி போட்ட ஹாலில் திரை வைத்தால் ஏசி செலவு கூடுமா?

கூடும். திரை எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. 3 வாட் சூட்டை வெளியேற்ற ஏசிக்குச் சுமார் 1 வாட் வேண்டும். நாலு 140 வாட் திரைகள், 560 வாட் என்றால் ஏசி இன்னும் 190 வாட் எடுக்கும். உட்புறத் திரைகளின் கணக்கோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

மீடியா பிளேயர், இன்டர்நெட் எல்லாம் எவ்வளவு ஆகும்?

சிறிய ஆண்ட்ராய்டு பெட்டி 5 வாட் சுற்றி, கம்ப்யூட்டர் என்றால் 15 முதல் 40 வாட். ஒரு திரைக்கு இது பொருட்டே இல்லை, ஐம்பது திரை இருந்தால் யோசிக்கலாம். திரைக்குள்ளேயே பிளேயர் உள்ள மாடல்களும் வருகின்றன.

டேட்டாதான் பலரைக் கடிக்கிறது. நொடிக்கு 10 மெகாபிட் வீடியோவை நேரடியாக இணையத்திலிருந்து ஓட்டினால் மணிக்கு 4.5 ஜிபி, 10 மணி நேரத்தில் 45 ஜிபி. அதே தரத்தில் 30 நொடி விளம்பரத்தை ஒரு தடவை இறக்கிச் சேமித்து ஓட்டினால் 37.5 எம்பி, அவ்வளவுதான். சிம் கார்டில் ஓடும் போர்டு வைத்திருப்பவர்கள் இன்றே பாருங்கள்.

கரண்ட் தவிர வேறு என்ன செலவு வரும்?

முதலில் தூசி. பின்பக்க விசிறியின் வலை அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறும். பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒரு விதி உண்டு: சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஒரு போர்டில் ஒரே மாதத்தில் மூன்று பவர் சப்ளை போனது. கழற்றிப் பார்த்தால் வலையில் பஞ்சு மாதிரி அழுக்கு, கெப்பாசிட்டர் தலைகள் உப்பி நின்றன. வலையைக் கழுவியதோடு அந்தத் தொல்லை முடிந்தது. ராத்திரி பிரைட்னஸைக் குறைப்பது இங்கேயும் உதவுகிறது, சூடு குறைகிறதே.

அடுத்தது உதிரி மாட்யூல். வாங்கும்போதே அதே தொகுப்பிலிருந்து சில மாட்யூல்களை எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது, போர்டில் ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும். அப்புறம் மென்பொருளுக்கான மாதச் சந்தா, உரிமக் கட்டணம், காப்பீடு, புதிய படங்கள் செய்யும் கூலி. பல கடைகளில் இந்தக் கடைசிச் செலவுதான் கரண்டைவிட அதிகம். அதற்குப் பணம் ஒதுக்காதவர்கள் போர்டில் போன பண்டிகை வாழ்த்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

சாதாரண பிளெக்ஸ் போர்டைவிட டிஜிட்டல் மிச்சம் என்று ஒருவர் சொன்னார்.

கரண்டில் மிச்சம் இல்லை. அதே 6 சதுர மீட்டர் பிளெக்ஸுக்கு 300 வாட் எல்இடி விளக்கு அடித்தால், இரவு 6 மணி நேரத்துக்கு 1.8 யூனிட். நம் போர்டு கவனமாக ஓட்டியும் 13.7. அச்சுச் செலவு, ஏறி மாற்றும் கூலி, ஒரே இடத்தில் பத்து செய்தி காட்டுவது ஆகியவற்றில்தான் டிஜிட்டலுக்கு ஆதாயம். ஆண்டு முழுக்க ஒரே பெயர்ப்பலகை காட்டப் போகிறீர்கள் என்றால் பிளெக்ஸே போதும்.

‘1 லட்சம் மணி நேரம் உழைக்கும்’ என்றால் அத்தனை நாளும் பில் ஒரே மாதிரி இருக்குமா?

அந்த எண், நல்ல சூழலில் வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். அன்றோடு நின்றுவிடும் என்று பொருள் இல்லை, அதுவரை புதிது போல இருக்கும் என்றும் இல்லை. தினம் 14 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 5,110 மணி நேரம், ஆக 1 லட்சத்துக்கு 19 ஆண்டுக்கு மேல். பவர் சப்ளைகள் அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும்.

பில் விஷயத்தில் நடப்பது இதுதான்: வெளிச்சம் குறையக் குறைய நாம் பிரைட்னஸைக் கூட்டுவோம், முதல் ஆண்டில் 60இல் ஓடியது பிறகு 90இல் ஓடும். புதிதிலேயே 100இல் வைத்தால் கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

யூனிட் குறைந்தும் பில் குறையவில்லையே?

வணிக இணைப்புகளில் பல இடங்களில் யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. மாதத்தில் ஏதோ ஒரு 15 அல்லது 30 நிமிடத்தின் சராசரியாக எட்டிய உச்ச அளவுக்கும் ‘டிமாண்ட் சார்ஜ்’ என்று வரும். முழுத்திரை வெள்ளை ஸ்லைடு ஒன்று அத்தனை நேரம் நின்றால் போதும், மற்ற நேரமெல்லாம் அடக்கமாக ஓடிய போர்டை 4,200 வாட்டுக்கு உயர்த்த. மென்பொருளில் பிரைட்னஸுக்கு மேல் வரம்பு வைத்தால் இதைத் தடுக்கலாம். பவர் ஃபேக்டர் குறைவான, அதாவது செய்யும் வேலைக்கு வேண்டியதைவிட அதிகக் கரண்ட் இழுக்கும் மலிவு பவர் சப்ளைகளும், உச்சத்தை வாட்டில் அளக்காமல் கேவிஏவில் அளக்கும் இடங்களில் அதை ஏற்றும். பில்லில் எந்த வரி எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

சோலாரில் ஓட்டலாமா? யுபிஎஸ் போடலாமா?

ஸ்க்ரோலிங் போர்டை ஒரு பேனல், பேட்டரியோடு சுலபமாக ஓட்டலாம். நம் போர்டுக்கு 13.7 யூனிட் வேண்டும். நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால் மூன்றரை கிலோவாட், சுமார் 17 சதுர மீட்டர் பேனல் ஆகும். கூரை இருந்தால் செய்யலாம், போர்டின் தலையில் மாட்ட முடியாது.

யுபிஎஸ்ஸை பிளேயருக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டும் கொடுங்கள். கரண்ட் சட்டென்று போகும்போது அவற்றின் மெமரிதான் கெடுகிறது. போர்டு முழுவதையும் யுபிஎஸ்ஸில் தாங்குவது, மின்வெட்டின்போது மக்களுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டிய இடங்களுக்கு மட்டும்தான் தேவை.

விலைப்பட்டியல், அறிவிப்பு மாதிரி எப்போதாவது மாறும் விஷயத்துக்கு வேறு வழி இல்லையா?

இ-பேப்பர் இருக்கிறது. படம் மாறும் நொடியில் மட்டும் கரண்ட் எடுக்கும், மாறிய பிறகு ஒயரைப் பிடுங்கினாலும் எழுத்து நிற்கும். வீடியோ ஓடாது, தானாக ஒளிராது, நிறமும் எல்சிடி அளவுக்கு வராது. அலமாரி விலைச்சீட்டு, அறை வாசல் பலகை போன்றவற்றுக்கு அருமையான சாமான்.

பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதியது போட்டால் கரண்ட் மிச்சத்திலேயே விலை திரும்பிவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

அளந்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பிளக்கில் செருகும் திரைகளுக்குச் சாதாரண வாட் மீட்டர் போதும். ஒரு வாரம் செருகி வைத்தால் யூனிட்டே காட்டும். போர்டுக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதன் லைனில் ஒரு சப் மீட்டர் போடுங்கள். முதல் வாரம் இப்போது ஓடுகிறபடி. அடுத்த வாரம், இரவு பிரைட்னஸைக் குறைத்து, வெள்ளை ஸ்லைடுகளை மாற்றி, மூடும் நேரத்தில் மெயின் லைனைத் துண்டித்து ஓட்டுங்கள்.

இரண்டாவது வாரத்தின் அளவோடுதான் புதிய போர்டை ஒப்பிட வேண்டும். விற்பவர்கள் முதல் வாரத்தோடு ஒப்பிடுவார்கள். புதியது நாளைக்கு 5 யூனிட் குறைவாக எடுக்கிறது என்றால் ஆண்டுக்கு 1,825 யூனிட். அதை உங்கள் கட்டணத்தால் பெருக்கி, போர்டு விலையை அதனால் வகுத்துப் பாருங்கள், எத்தனை ஆண்டு என்று தெரிந்துவிடும். உங்கள் வீடியோவையே பென் டிரைவில் கொண்டுபோய் அவர்களுடைய டெமோ போர்டில் ஓட்டி, கிளாம்ப் மீட்டர் என்ன காட்டுகிறது என்று நேரில் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.